வெல்லெஸ்லி இல்லம்: கதையும் காலமும்

திருக்கோணமலைக் கோட்டை வாயிலிற் புகுந்து கோணேசர் திருக்கோயிலை நோக்கிச் செல்வோர் பலர், வெல்லெஸ்லி இல்லம் எனப் பெயர் வழங்கும் பழைய வீடொன்று அக்கோட்டையினுள்ளே பேணப்பட்டு வருதலை அறிவர். 1815ஆம் ஆண்டில் வாட்டர்லூப் போர்க்களத்தில் நெப்போலியனை வென்று புகழ்கொண்ட வெலிங்டன் கோமகன், ஆர்தர் வெல்லெஸ்லி என்னும் இளம் படைத்தலைவராக இருந்த காலத்தில் தங்கிய வீடு அது என்பர். பயணிகளுக்கென எழுதப்பட்ட கையேடுகள் இதனோடு அமையாது ஒரு கதையும் கூறும். திப்பு சுல்தானோடு நிகழ்ந்த 1799ஆம் ஆண்டுப் போரின் பின் வெல்லெஸ்லி நோயுற்று இவ்வீட்டிற் கிடந்தாராம். அதனால் ஏறவேண்டிய கப்பலைத் தவறவிட்டாராம். அக்கப்பலோ ஏடன் வளைகுடாவில் ஒருவரும் எஞ்சாது மூழ்கிற்றாம். ஐரோப்பாவின் தலைவிதியே இவ்வீட்டின் ஒரு கட்டிலில் மாறிற்று என்பது அக்கதையின் கருத்து.

கேட்க இனிய கதைதான். சுற்றுலா வரும் மாணவரின் குறிப்பேட்டில் இது எளிதில் இடம்பெற்றுவிடும். அங்கிருந்து தேர்வு விடைத்தாளுக்கு வழி நெடிதன்று. ஆதலின் இதனைக் காலக்கணக்கோடு ஒப்பு நோக்குதல் வேண்டும்.

சீரங்கப்பட்டணம் 1799 மே 4ஆம் நாள் வீழ்ந்தது. வீழ்ந்த நகரின் ஆட்சிப் பொறுப்பு வெல்லெஸ்லியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வாண்டில் அவர் இருந்த இடம் மைசூர் நாடேயன்றித் திருக்கோணமலையன்று. மறு ஆண்டிலும் செப்டம்பர் வரையில் தூண்டியா வாக் என்பவனைத் துரத்தும் போரில் ஈடுபட்டிருந்தார். அவர் திருக்கோணமலைக்கு வந்தது 1800 டிசம்பரில். நீங்கியது 1801 பெப்ரவரியில். இடைப்பட்டது ஏறக்குறைய இரண்டு மாதமே. காய்ச்சலும் அதனைத் தொடர்ந்து கொடிய தோல்நோயும் அவரைப் பற்றியது உண்மை. ஆனால் அது பம்பாயிலே, அவ்வாண்டின் வேனிற்காலத் தொடக்கத்திலே. அவர் செல்லவிருந்து செல்லாதொழிந்த ‘சூசன்னா’ என்னும் கப்பல் செங்கடலில் மூழ்கிற்று என அவர் வரலாற்றை எழுதினோர் கூறுவர். நோயும் மெய், கப்பலும் மெய். இடமும் ஆண்டுமே பிறழ்ந்தன. பம்பாயிற் கிடந்த நோயாளியைக் கதை தூக்கிவந்து திருக்கோணமலையிற் கிடத்திவிட்டது.

இப்பிறழ்ச்சியால் விளைந்த இழப்பு சிறிதன்று. கதை நோயாளியைக் காட்டிற்று, இத்துறைமுகத்தை மறைத்துவிட்டது. வெல்லெஸ்லி இங்கு வந்தது ஓய்வுக்கன்று. அவருடைய தமையனாராகிய தேசாதிபதி வெல்லெஸ்லி பிரபு, பிரெஞ்சுக்காரர் வசமிருந்த மொரீசியசுத் தீவையோ ஒல்லாந்தர் வசமிருந்த பத்தாவியாவையோ தாக்குதற்கெனத் திரட்டிய படைக்குத் தலைவராகவே அவரை அனுப்பினார். அப்படை கூடுதற்குச் சென்னையை விடுத்து இவ்வூரைத் தேர்ந்தது ஏன்? அக்காலத்துச் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்றலே வழக்கம். வடகீழ்ப் பருவக்காற்றுத் தொடங்கின் போர்க்கப்பல்கள் அக்கரையை விட்டு அகலவேண்டும். வங்கக் கடலின் மேற்கரை முழுவதிலும் அக்காற்றுக்கு அஞ்சாது பெருங்கப்பல்கள் தங்கத்தக்க உட்கடல் திருக்கோணமலையே. இதன்பொருட்டே 1782ஆம் ஆண்டு ஒன்றனுள் இக்கோட்டை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கும், ஆங்கிலேயரிடமிருந்து சஃப்ரன் என்னும் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவருக்கும் கைமாறிற்று. பின்னர் ஒல்லாந்தரிடம் மீண்டு, 1795 ஆகஸ்டில் மறுபடியும் ஆங்கிலேயர் வசமாயிற்று. வெல்லெஸ்லி வந்த மாதமும் அப்பருவக்காற்று வீசும் மாதமே என்பதைக் கருதுக.

அவர் இங்கு இருக்கையில், எகிப்திலுள்ள பிரெஞ்சுப் படையைச் செங்கடல் வழியே சென்று தாக்குமாறு இலண்டன் அரசாங்கம் விடுத்த கட்டளையின் செய்தி எட்டிற்று. தமையனாரின் நேர் உத்தரவுக்குக் காத்திராமல், உணவுப்பொருள் பெறுதலும் காலம் தாழாமையும் கருதிப் படையோடு பம்பாய்க்குப் பாய்விரித்தார். இஃது அவருடைய மேலதிகாரிகளுக்கு உவப்பாயிருக்கவில்லை. இதற்கிடையில் தலைமை டேவிட் பெயர்டு என்பவருக்கு மாற்றப்பட்டிருந்தது. பெயர்டு யாரெனின், முன்னொருகால் சீரங்கப்பட்டணச் சிறையில் ஆண்டுக்கணக்காக விலங்கு பூண்டிருந்தவர். 1799இல் அந்நகரின் மதிலில் ஏறிய படையை முன்னின்று நடத்தியவர். நடத்தியும், நகராட்சி தமக்கு வாராது தம்மினும் இளையவரான வெல்லெஸ்லிக்குச் சென்றமை கண்டு மனம் புழுங்கியவர். இப்போது அப்புழுக்கம் வெல்லெஸ்லியின் பங்காயிற்று. பம்பாயிலிருந்து தம் உடன்பிறந்தார் ஹென்றிக்கு எழுதிய கடிதத்தில் அதனை அவர் ஒளிக்கவில்லை. கட்டிலிற் கிடந்து கப்பலைத் தவறவிட்டவர் என்று கதை கூறும் அம்மனிதர், உள்ளபடி இவ்வூரை விட்டு உத்தரவுக்கு முந்தியே கப்பலேறியவர். இதனினும் சுவையுடைய செய்தியைக் கற்பனை தரவில்லை.

இனி, வீட்டைப் பற்றி. வெல்லெஸ்லி திருக்கோணமலையில் இருந்தமைக்கு ஐயமில்லை. அவருடைய மைந்தர் 1858 முதல் வெளியிட்ட தொகுதிகளில் இங்கிருந்து எழுதிய கடிதங்கள் உள்ளன. ஆனால் ஊர் தெளிந்தமையால் வீடும் தெளிந்ததென்று கொள்ளலாகாது. பெரியோர் ஒருவர் ஓரூரிற் தங்கினாராயின், பிற்காலத்தார் அவ்வூரின் நல்ல வீட்டை அவருக்கு உரிமையாக்குதல் எந்நாட்டிலும் உள்ள வழக்கு. அவர் தங்கியது இவ்வீடேயெனின், அது 1800இன் முன்னரே எழுந்து நின்றிருத்தல் வேண்டும். அஃதாவது, ஒல்லாந்தர் கட்டியதாகவோ, ஆங்கிலேயர் தம் முதல் ஐந்தாண்டுகளுக்குள் கட்டியதாகவோ இருத்தல் வேண்டும். சுவரின் கல், சுண்ணச்சாந்து, கூரை மரம் ஆகியவற்றை ஆராய்ந்து விடை காணத்தக்க வினா இது. கோமகனின் புகழ் இவ்வினாவுக்கு விடையாகாது. (எசுப்பிளனேட் மைதானத்தருகே பழைய கல்லறைத் தோட்டத்தில், ஜேன் ஒஸ்ரின் என்னும் நாவலாசிரியரின் தம்பியாரான கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்ரின் 1852இல் அடக்கஞ் செய்யப்பட்டார். அவரைப் பற்றி யாதொரு கதையும் எழவில்லை. எழவேண்டிய தேவையும் இருக்கவில்லை போலும்.)

கோட்டையின் பெயரும் இவ்வாறே கவனித்தற்குரியது. யோர்க் கோமகனின் பெயரால் அது பிரெட்றிக் கோட்டை ஆனது 1803இல். வெல்லெஸ்லி இங்கிருந்த நாளில் அப்பெயர் பிறக்கவில்லை. ‘பிரெட்றிக் கோட்டையில் வெல்லெஸ்லி தங்கினார்’ என எழுதுவோர் இதனை நினைத்தல் நன்று. அதற்கும் முன்னே, 1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக்கொண்டே கோட்டை எழுப்பினார். இணைக்கயல் பொறியோடு கூடிய தமிழ்க் கல்வெட்டொன்று கோட்டை வாயிலில் இன்றும் உள்ளது. புதைந்து கிடந்த செப்புத் திருமேனிகள் 1950இல் வெளிப்பட்டன. கோயில் மீள எழுந்து 1963இல் குடமுழுக்குக் கண்டது. இம்மலையில் இரண்டு மாதம் தங்கிய விருந்தினரின் பெயர் ஒரு வீட்டுக்கு நிலைத்தது. அவ்வீட்டுக்குக் கல் சுமந்தோர், சுண்ணாம்பு நீற்றினோர் பெயர்களில் ஒன்றேனும் நிலைக்கவில்லை. இதன்பொருட்டு வீட்டை வெறுத்தல் அறிவன்று. ஒல்லாந்தர், ஆங்கிலேயர் காலத்துக் கட்டடங்களும் இவ்வூரின் வரலாற்று ஏடுகளே; அவற்றைப் பேணுதல் தொல்பொருளியலார்க்கும் ஊரார்க்கும் ஒக்கும் கடன்.

பேணுங்கால் கட்டடத்தோடு அதன் காலத்தையும் பேணுதல் வேண்டும். வீட்டைக் காண வருவோர்க்கென ஒரு பலகை எழுதப்படுமாயின், அதில் நோய்ப்படுக்கைக்கும் மூழ்கிய கப்பலுக்கும் இடமில்லை. 1800 டிசம்பர் முதல் 1801 பெப்ரவரி வரை ஆர்தர் வெல்லெஸ்லி இவ்வூரிற் படை திரட்டினார் என்பதும், அவர் தங்கியது இவ்வீடு என்பது ஊர் வழக்கு என்பதும் எழுதினாற் போதும். இடமிருப்பின், வடகீழ்க் காற்றுக்கு ஒதுங்கிக் கப்பல்கள் நின்ற உட்கடல் எத்திசையில் உள்ளதென்பதையும் ஒரு வரியிற் சேர்க்கலாம்.