பரணர் கண்ட பாசி

குறுந்தொகையின் 399ஆம் செய்யுளில் பரணர் பசலைக்குப் பாசியை உவமையாக்குகின்றார். ஊரார் நீருண்ணும் கேணியின் துறையில் தொக்க பாசி, கை பட்ட இடந்தோறும் விலகுகின்றது. கையை எடுத்த இடந்தோறும் மீளப் பரவுகின்றது. காதலன் தொட நீங்கி, விடப் பரவும் தன் பசலையும் அத்தகையதே என்கின்றாள் தலைவி. இப்பாசி யாது என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

பாசி என்னும் சொல் பசுமையை அடியாகக் கொண்டது. ஆதலின் அஃது ஒரு செடிக்கே உரிய பெயராக நில்லாது, பலவற்றையும் சுட்டும். படிக்கல்லில் வழுவழுப்பாகப் படிவதும் பாசி. நூல் நூலாகப் பின்னிக் கிடப்பதும் பாசி. முன்னது தொட்ட அளவில் கல்லை விட்டு நீங்காது. பின்னது இழுப்பின் திரளாக வந்துவிடும்; நீங்கிய இடத்தை உடனே மூடாது. ஆகவே இவ்விரண்டும் உவமைக்குப் பொருந்தா.

மண்ணில் வேரூன்றாது, தனித்தனியே மிதக்கும் நுண்செடியே பொருந்துவது. தாவர நூலார் லெம்னா என வழங்கும் செடி இத்தகையது. அதன் உடல் சில மில்லிமீட்டர் அளவுள்ள தட்டையான இலை போன்றது. அடியில் ஒற்றை வேர் தொங்கும். அதன் இனமாகிய உல்ஃபியா வேரும் இல்லாதது. பூக்குஞ் செடிகளுள் மிகச் சிறியது. இவை ஓடும் நீரில் நிலைபெறா, தேங்குநீரிலேயே செழிக்கும். மெல்லிய காற்று இவற்றை ஒரு கரையில் ஒதுக்கும். பாசி துறையில் தொக்கது எனப் பரணர் கூறியதும் இவ்வியல்புக்கு இயைகின்றது. ஆகாயத்தாமரை என்று இன்று பலரும் சுட்டும் ஊதாப்பூச் செடியை ஈண்டுக் கருதுதல் கூடாது. அது தென்னமெரிக்காவிலிருந்து பிற்காலத்தே வந்தது. சங்கப் புலவர் அறியாதது.

இத்தெளிவால் செய்யுளின் பொருளும் திருந்துகின்றது. படிந்த பாசியைக் கொள்ளின், பசலை துடைக்கப்பட்டுப் பின்னர் மெல்ல வளர்வதாகும். மிதக்கும் பாசியோ புதிதாய் வளர வேண்டுவதின்று. சுற்றிலும் நின்று நொடியில் மூடுகின்றது. தலைவன் கை பசலையை அழிக்கவில்லை, சற்றே விலக்கியது. பிரியாது உடனுறையும் வாழ்வே அதற்கு மருந்து என்பது இதனாற் போதரும். தழுவிக் கிடந்தவள் சிறிது புடைபெயர்ந்த அளவிலேயே பசப்புப் பரவியது என வள்ளுவர் 1187ஆம் குறளில் கூறியதும் இவ்விரைவையே.

இவ்வுவமையைக் கண்டு தெளியத் தேங்குநீர்த் துறை வேண்டும். தொண்டை மண்டலம் ஏரியும் குளமும் மலிந்த நாடு. அதன் பகுதியாகிய திருப்பெரும்புதூர்–ஒரகடம் நிலப்பரப்பில் 1990களின் இறுதி முதல் தொழிற்சாலைகள் பெருகின. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் உற்பத்தி தொடங்கிற்று. குழாயிலும் கேனிலும் நீர் பெறும் இற்றை மாணவர்க்குப் பாசியைக் கையால் விலக்கி நீர் முகக்கும் பழக்கம் இல்லை. பாசி எனின் அவர் வழுக்கும் படியையே நினைப்பர். ஆதலின் இச்செய்யுட்கு உரை எழுதுவோர் பாசி என்றே விட்டுவிடாது, நீர்மேல் மிதக்கும் நுண்செடி என விளக்குதல் வேண்டும். அருகில் குளம் எஞ்சியிருப்பின், ஆசிரியர் மாணவரை அழைத்துச் சென்று காட்டுதல் அதனினும் நன்று.