கடற்காட்சிசாலையும் கப்பல் தட்டில் வந்தவர்களும்

மலாக்கா ஆறு கடலோடு கலக்குமிடத்திற்கு அருகில், கரைமீது நிற்கும் பெரிய மரக்கப்பலை நம் நேயர்களிற் பெரும்பாலோர் கண்டிருப்பர். தோட்டத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பஸ்ஸில் அழைத்துச் செல்வோர் அதன்முன் நின்று படம் பிடித்துக்கொள்ளாமல் ஊர் திரும்புவதில்லை. 1994-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற கடற்காட்சிசாலை அது. 1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியத் தளபதி அல்புகெர்க்கு ஏறிச் சென்ற ‘புளோர் டி லா மார்’ என்னும் கப்பலின் மாதிரியாக அது கட்டப்பெற்றிருக்கிறது. நகரிற் கொள்ளையிட்ட பொருள்களைச் சுமந்து புறப்பட்ட மூலக்கப்பல், அவ்வாண்டு நவம்பர் மாதத்திலேயே சுமத்திராக் கரையருகே மூழ்கிற்று. கொள்ளைகொண்டவனுடைய கப்பலைக் கொள்ளைகொடுத்த ஊரே மறுபடியும் கட்டி, டிக்கட்டு வைத்துக் காட்டுகிறதே என்று நகைப்போரும் உண்டு. நாம் நகைக்க வரவில்லை. ஓர் ஊர் தன் தோல்வியை மறைக்காமற் காட்டுவது பெருந்தன்மை என்றே கொள்வோம். நமது குறை வேறு.

அக்காட்சிசாலை கப்பலோடு நின்றுவிடவில்லை. அடுத்த கட்டடத்திலும் அது பரவியது. அங்கே உள்நாட்டு மரக்கலங்களையும் மாலுமிகளின் கருவிகளையும் காணலாம். பின்னர், 2011-இல், பிரான்சு நாட்டுக் கடற்படையில் உழைத்து ஓய்ந்த ‘ஊசாண்’ என்னும் நீர்மூழ்கிக் கப்பலும் மலாக்காவிற்குக் கொண்டுவரப்பெற்று, கிளேபாங் கடற்கரையில் தனிக் காட்சியாக வைக்கப்பெற்றது. எனவே, மலாக்காவின் கடற்காட்சிகளை விரிவுசெய்வது பற்றி யோசிப்பவர்க்கு முன்மாதிரி இல்லாமற் போகவில்லை. ஆனால், அம்முன்மாதிரி யாது? கப்பலுக்குப் பக்கத்தில் இன்னொரு கப்பல். மரத்திற்குப் பிறகு இரும்பு. கப்பலின் நீளமும் அகலமும் உயரமும் நமக்குச் சொல்லப்படுகின்றன. அதில் ஏறினவர் யாவர், எதற்காக ஏறினர், எவ்விடத்தில் படுத்தனர் என்று கேட்டால், தளபதிகளின் பெயர்களும் சுல்தான்களின் பெயர்களுமே மறுமொழியாக வருகின்றன.

இக்குறையை எடுத்துச் சொன்னால் நம்மவரிற் சிலர் உடனே உற்சாகங் கொள்கின்றனர். “அப்படியானால் இராசேந்திர சோழனுடைய கப்பலைக் கட்டிவைக்கலாமே! 1025-இல் கடாரத்தை வென்றவனல்லனோ அவன்?” என்பர். அல்புகெர்க்குவின் படையெடுப்பு கொடுமையென்றால், சோழனுடைய படையெடுப்பு மட்டும் எவ்வாறு கலியாண ஊர்வலமாகும்? வென்றவன் நம் மொழி பேசினான் என்பதற்காக வெற்றியின் தன்மை மாறிவிடுமா? அன்றியும், அந்தப் பாய்மரத்தின் கீழ்த் துடுப்பு வலித்தவர் பெயரை அறிந்தவர் எவர்? இன்னுஞ் சிலர், பதினாறாம் நூற்றாண்டு மலாக்காவில் செல்வாக்கோடு வாழ்ந்த நைனா சட்டு என்னும் தென்னிந்திய வணிகனை நினைவூட்டுவர். அவன் போர்த்துக்கீசியர்க்குத் துணை நின்று பெண்டகாரா பதவி பெற்றவன். அவனைப் பற்றி அறிவதில் நமக்குத் தடையில்லை. ஆயினும், செட்டும் சேனாதிபதியும் எக்காலத்தும் தமக்கு வேண்டிய இடத்தைத் தாமே தேடிக்கொள்வர். இடமில்லாதவர் வேறு சிலர் இருக்கின்றனர்.

அவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறி, பினாங்கிலும் சுவெட்டன்காம் துறைமுகத்திலும் சிங்கப்பூரிலும் இறங்கியவர்கள். நம் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஆள் வந்த வாசல் சுவெட்டன்காம் துறைமுகமே. 1901-இல் திறக்கப்பெற்று, 1972-இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறிய அவ்விடத்தில் இறங்கி, கிள்ளான், கோலாலம்பூர், ரவாங் என்று ரயில்வழியே பிரிந்து போனார்கள். அவர்களைக் கொண்டுவந்த கப்பல்களில் ‘ரஜுலா’வின் பெயரை அறியாத தோட்டமில்லை. 1926-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கட்டப்பெற்ற அக்கப்பல், உலக யுத்த காலம் நீங்கலாக, ஏறத்தாழ அரை நூற்றாண்டு இவ்வழியில் ஓடி, 1974-இல் உடைக்கப்பெற்றது. அறைகளிற் பயணஞ் செய்யத்தக்க கனவான்கள் சில பத்துப் பேரே. தட்டுப் பிரயாணிகளோ, தொடக்கத்தில் 5,000 பேருக்கு மேல் ஏற்ற அனுமதி இருந்தது. இவ்விரு எண்களையும் ஒரு பலகையில் அருகருகே எழுதி வைத்தாலே போதும். பல பக்கம் எழுதிச் சொல்லவேண்டிய சரித்திரம் ஒரு நொடியில் விளங்கிவிடும்.

தட்டில் அறையில்லை, கட்டிலில்லை. பாய் விரித்த இடமே வீடு. தகரப் பெட்டியும் துணிமூட்டையுமே அவ்வீட்டின் சுவர். காட்சிசாலைத் தரையில் அந்த ஒரு பாயின் அளவைக் கோடிட்டுக் காட்டி, பார்க்க வந்தவரை அதில் உட்காரச் சொல்லலாம். அதற்கு மரமும் வேண்டாம், தச்சனும் வேண்டாம்.

காட்டுவதாயின் முழுவதும் காட்டவேண்டும். 1907-இல் ஏற்பட்ட இந்தியர் குடியேற்றக் கமிட்டி, தோட்டக்காரரிடம் வரி தண்டித் தொழிலாளரின் கப்பற்கூலியைக் கொடுத்தது என்பதையும், கங்காணி தன் கிராமத்தாரையே அழைத்துவந்து தலைக்காசு வாங்கினான் என்பதையும் ஒளிக்கலாகாது. கங்காணியைத் தலைப்பாகையோடு அழகுப் பொம்மையாக நிறுத்திவிட்டு அவன் கணக்கை மறைப்பது, அல்புகெர்க்குவின் கப்பலைக் காட்டிக் கொள்ளையை மறைப்பதற்கு ஒப்பாகும். கரையிறங்குமுன் நோய்க்காவல் முகாமில் அடைபட்டிருந்ததையும், 1938-இல் இந்திய சர்க்கார் இவ்வகைக் குடியேற்றத்தைத் தடுத்ததையும் சொல்லவேண்டும்.

‘ரஜுலா’வோடு இதே கடல்வழியில் ஓடிய ‘ரோனா’ என்னும் கப்பலின் கதையையும் ஈண்டுக் குறிக்கலாம். அதுவும் 1926-இல் கட்டப்பெற்றதே. யுத்தத்திற்கு எடுக்கப்பெற்று, 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் ஜெர்மானியர் குண்டுக்கு இரையாகி, 1,000-க்கு மேற்பட்ட அமெரிக்கப் போர்வீரரோடு அமிழ்ந்தது. மாண்டவர் பெயர்களை அமெரிக்கர் தேடித் தொகுத்து வைத்திருக்கின்றனர். அதற்கு முன்னர் அதே தட்டில் உயிரோடு வந்திறங்கிய நம்மவரின் பெயர்களை நாம் தொகுக்கவில்லை.

இஃதெல்லாம் காட்சிசாலையின் வேலையன்று என்பார்க்கு லிவர்பூல் நகரைக் காட்டுவோம். அந்நகரின் கடற்காட்சிசாலை 1980-இல் தொடங்கியது. மலாக்காவில் மரக்கப்பல் திறக்கப்பெற்ற அதே 1994-ஆம் ஆண்டில், லிவர்பூலார் தங்கள் துறைமுகத்துக் கப்பல்கள் ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக ஏற்றிச் சென்ற கொடுமையை விளக்கும் கூடம் ஒன்றைத் திறந்தனர். அதுவே வளர்ந்து 2007-இல் அதே கட்டடத்தில் தனிக் காட்சிசாலையாயிற்று. 2025-இன் தொடக்கத்தில் இரண்டும் புதுப்பிப்பதற்காக மூடப்பெற்றன. நம்மவரை அடிமைகளென்று சொல்லி அனுதாபந் தேடுவது நம் நோக்கமன்று. அவ்விரண்டும் வேறு வேறு. கப்பலின் அடித்தட்டில் இருந்தவர்க்கு இடங்கொடுத்ததையே அந்நகரம் வளர்ச்சியாகக் கொண்டது என்பதுதான் நாம் கூறுவது. மொரீசியஸ் தீவிலோ, 1834 முதல் ஏறக்குறைய ஐந்து லட்சம் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கிய துறையின் கற்படிகளும் சில இடிந்த சுவர்களுமே எஞ்சியிருந்தன. அவற்றைப் பேணிக் காத்தனர். 2006-இல் அவ்விடம் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. பெரிய கப்பல் ஒன்றும் அங்கே நிற்கவில்லை.

‘ரஜுலா’ மலாக்கா ஆற்றுக்கு வந்ததில்லையே என்று ஆட்சேபிக்கலாம். பிரான்சில் பிறந்த நீர்மூழ்கிக் கப்பலை நோக்கி இக்கேள்வியை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. மலாக்காவில் இடமில்லையெனின், கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கிளை ஏற்படட்டும்; உண்மையில் அதுவே பொருத்தமான இடம். விளக்கப் பலகைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருப்பதோடு தமிழிலும் இருக்கட்டும். வந்திறங்கியவர்கள் படித்தறிய வாய்ப்பில்லாதிருந்த எழுத்தில் அவர்களுடைய பேரப்பிள்ளைகளாவது படிக்கட்டும்.

சர்க்கார் செய்யட்டும் என்று நாம் கைகட்டியிருப்பதும் அழகன்று. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவருவதைத் தோட்டத்து ஆபீசில் வேலைசெய்யும் நாம் நாள்தோறும் காண்கிறோம். நாமறிந்த ஒரு தோட்டத்தில் ஆபீஸ் இடிபட்டபோது, பழைய செக்ரோல் புத்தகங்கள் குப்பையோடு கொளுத்தப்பட்டன. எந்த ஆண்டில் எவர் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதற்கு அவற்றைவிட நல்ல சாட்சியம் ஏது? எஞ்சியுள்ள புத்தகங்களைக் கிராணிமார் கேட்டு வாங்கித் தேசியப் பழஞ்சுவடிக் காப்பகத்தில் ஒப்படைக்கலாம். தகரப் பெட்டி, கப்பற் சீட்டு, பழைய பாஸ்போர்ட்டு ஆகியவற்றை வைத்திருப்போர் அவற்றைப் பழைய இரும்புக்காரனுக்கு நிறுத்துப் போடாதிருக்கலாம். ‘ரஜுலா’வின் கடைசிப் பயணங்களில் பத்து வயதுப் பிள்ளையாக வந்தவர்க்கே இன்று அறுபது கடந்துவிட்டது, யுத்தத்திற்கு முன் வந்தவர் மிகச் சிலரே இருப்பர். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் ரவாங்கிலும் உள்ள நம் சங்கங்கள் வரும் ஞாயிற்றுக்கிழமையே அவர்கள் வீட்டுக்குச் சென்று கேட்கத் தொடங்கலாம். குரலைப் பதிவுசெய்யும் கருவி இப்போது எல்லோருடைய சட்டைப்பையிலும் இருக்கிறது.