காண்டலும் கண்காணித்தலும்: தமிழ் விவிலியத்தில் இறைவனின் பார்வை

1. முன்னுரை

கடவுள் மனிதரைக் காண்கிறார் என்னும் நம்பிக்கை கிறித்தவ மரபில் பெரும்பாலும் ஆறுதலாகவே பேசப்பெறுகிறது. நோயுற்றோர்க்கும், தனித்து விடப்பட்டோர்க்கும், தம் துன்பத்தைச் சொல்ல ஆளற்றோர்க்கும் இது துணையாக நின்று வந்துள்ளது. எனினும், காணப்படுதல் எல்லா நிலையிலும் ஆறுதல் தருவதன்று. காவலர் கைதியைப் பார்க்கிறார்; மேற்பார்வையாளர் கூலியாளைப் பார்க்கிறார். குறும்பு செய்யும் பிள்ளையை அடக்கவும் கடவுள் பார்க்கிறார் என்று சொல்வதுண்டு. ஒரே நம்பிக்கை ஓரிடத்தில் ஆறுதலாகவும் மற்றோரிடத்தில் அச்சமாகவும் அமைவது ஏன்? தமிழ் விவிலியம் ஆளும் பார்வைச் சொற்களின் வழியே இவ்வினாவிற்கு விடை தேட இக்கட்டுரை முற்படுகிறது.

தரங்கம்பாடியில் 1714-15 இல் அச்சேறிய சீகன்பால்கின் புதிய ஏற்பாடு தொடங்கி, பதினெட்டாம் நூற்றாண்டில் ஃபப்ரீசியஸின் உழைப்பால் செம்மையுற்று, என்றி பவர் தலைமையிலான குழுவின் திருத்தமாக 1871 இல் வெளிவந்த மரபினையொட்டிய பதிப்பே ஈண்டு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. சீர்திருத்தச் சபைகளில் இன்றும் பரவலாக வழங்குவது இதுவே.

2. ஆகாரின் கதை

விவிலியத்தில் கடவுளுக்குக் 'காண்பவர்' என்னும் பொருளில் பெயரிடுபவள் ஆகார் என்னும் எகிப்திய அடிமைப்பெண். ஆதியாகமம் 16 ஆம் அதிகாரத்தில் அவள் வரலாறு வருகிறது. சாராயும் ஆபிராமும் தம் உரையாடலில் அவளை ஒருமுறையேனும் பெயர் சொல்லிக் குறிப்பதில்லை. ஒருவர்க்கு அவள் 'என் அடிமை'. மற்றவர்க்கு 'உன் அடிமை'. அவளை என்ன செய்வது என்பது சாராயின் கண்ணுக்கு எது நல்லதோ அதற்கு விடப்படுகிறது. எனவே, கடவுள் காண்பதற்கு முன்பே அவள் மனிதப் பார்வைக்கு உட்பட்டவள். அப்பார்வையே அவளைப் பாலைநிலத்திற்கு ஓட்டியது.

அங்கே, சூர் வழியிலுள்ள நீரூற்றருகே, தூதர் அவளைப் பெயர் சொல்லி விளிக்கிறார். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று வினவுகிறார். கதையில் அவளைப் பெயரிட்டு அழைக்கும் முதற்குரல் இதுவே. அவள் தன் வாயால் பேசும் முதல் விடையும் இவ்வினாவிற்கே. எபிரேயத்தில் கண்ணுக்கும் ஊற்றுக்கும் 'அயின்' என்னும் ஒரே சொல் வழங்குவதும், தமிழில் 'ஊற்றுக்கண்' என்னும் வழக்கு உள்ளதும் இங்கு ஒப்புநோக்கத்தக்கன.

3. காண், பார்

தூதர் அவளைக் கண்டடைந்ததைக் குறிக்கும் எபிரேய வினை வேறு. கடவுளுக்கு அவள் இட்ட பெயரிலுள்ள வினை வேறு. முன்னது 'தேடிப் பெறு' என்னும் பொருளது. பின்னது 'கண்ணால் காண்' என்னும் பொருளது. தமிழ் மொழிபெயர்ப்போ இரண்டிடத்தும் 'காண்' என்னும் ஒரே வினையை ஆள்கிறது. மூலத்தின் வேறுபாடு இதனால் மறைகிறது என்பது உண்மையே. ஆயினும், தமிழ்ச் சொல்லின் இயல்பு வேறொன்றைத் தருகிறது. 'எங்கும் பார்த்தேன், காணோம்' என்கிறோம். பார்த்தல் செயல், காண்டல் அச்செயலின் பயன். பார்த்தும் காணாதிருக்க இயலும். ஆகாரை வீட்டார் நாளும் பார்த்தனர், கண்டவர் எவருமிலர். தமிழ் வாசகர்க்கு, கடவுள் அவளைக் கண்டார் என்பதில், காணாமற்போனவளைக் கண்டெடுத்தார் என்னும் பொருளும் உடன் ஒலிக்கிறது. அவளும் தன்னைக் கண்டவரைக் கண்டதாகக் கூறுகிறாள். காண்டல் இருவழிப்பட்டதாகிறது.

ஆதியாகமம் 22 இல் ஈசாக்கு பலிக்குரிய ஆட்டைப்பற்றி வினவ, ஆபிரகாம் தரும் விடையிலும் மூலத்தில் 'காண்' வினையே உள்ளது. ஆங்கில மொழிபெயர்ப்புகள் பலவும் அதனை 'ஏற்பாடு செய்வார்' என்னும் பொருளில் பெயர்க்கின்றன. தமிழில் 'பார்த்துக்கொள்' என்னும் துணைவினைத் தொடர் அமைகிறது. பார்வையும் பராமரிப்பும் ஒரே சொல்லில் அடங்குவதால், மூலத்தின் பொருள் சிதையாமல் நிற்கிறது. பேச்சு வழக்கில் 'பிள்ளையைப் பார்த்துக்கொள்' என்பதன் பொருளே இது. 'கண்ணோட்டம்' என்னும் சொல் இன்று கருத்துநிலையைக் குறிப்பினும், குறளின் 58 ஆம் அதிகாரத் தலைப்பில் அது இரக்கத்தையே குறிக்கிறது.

4. கண்காணி

இதே பதிப்பில், பேதுருவின் முதல் நிருபம் ஆன்மாக்களுக்கு மேய்ப்பராகவும் 'கண்காணி'யாகவும் கிறித்துவைச் சுட்டுகிறது. மேற்பார்ப்பவர் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லுக்கு இது நேரான பெயர்ப்பே. சோழர் காலக் கல்வெட்டுகளிலும் கோயில் அலுவல்களை மேற்பார்ப்போரைக் குறிக்க இச்சொல் வருகிறது. ஆனால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை, மலேயாத் தோட்டங்களில் ஆள் திரட்டியும், முன்பணக் கடனில் பிணைத்தும், வேலை வாங்கியும் வந்த 'கங்காணி' என்பதும் இச்சொல்லின் திரிபே. அத்தோட்டங்களில் வாழ்ந்த கிறித்தவத் தொழிலாளர்க்கு, நாள் முழுதும் தம்மைப் பார்த்து நின்றவரின் பெயரும் வேதத்தில் கேட்ட சொல்லும் ஒன்றாக அமைந்தன. கடவுளின் பார்வையை மேலாளின் பார்வையினின்று பிரித்துணர்வது அவர்க்கு வெறும் சொல்லாராய்ச்சியாக இருந்திருக்க முடியாது.

5. ஒரு தடை

ஆகாரின் கதையை ஆறுதலாக மட்டுமே படிப்பது பொருந்தாது எனலாம். தூதர் அவளைத் தலைவியிடமே திரும்பிச் சென்று அடங்கியிருக்கச் சொல்கிறார். காணப்பட்டதால் அவள் விடுதலை பெறவில்லை. 21 ஆம் அதிகாரத்தில் மகனுடன் மீண்டும் துரத்தப்படுகிறாள். இதனை மறைத்துப் பேசும் அருளுரைகள் துன்புறுவோர்க்கு நன்மை செய்வனவல்ல. அதே வேளையில், யாத்திராகமம் 3 ஆம் அதிகாரத்தில், அடிமைப்பட்ட மக்களின் துயரத்தைக் கண்டதாகக் கூறும் கடவுள் அவர்களை விடுவிக்கவும் இறங்குகிறார். மூலம் அங்குக் 'காண்' வினையை இரட்டிக்கிறது. தமிழும் 'பார்' வினையை அவ்வாறே இரட்டிக்கிறது. ஆகார் பெற்றது முழு விடுதலையன்று. எவர் கண்ணுக்கும் பொருளாகத் தோன்றாதவள் ஒருவர்க்கு ஆளாகத் தோன்றினாள் என்னும் உறுதியே.

6. முடிவுரை

குற்றம் தேடுவது கண்காணிக்கும் பார்வை. பெயர் சொல்லி அழைப்பதும், வினவுவதும், விடைக்குச் செவிசாய்ப்பதும் காணும் பார்வை. கடவுள் பார்க்கிறார் என்பது ஆறுதலா அச்சமா என்பது, இவற்றுள் எதனைக் கேட்பவர் உணர்கிறார் என்பதைப் பொறுத்தது. தமிழ் இவ்விரண்டிற்கும் தனித்தனிச் சொற்களை வைத்திருக்கிறது. மறையுரைஞரும் மொழிபெயர்ப்பாளரும் அவற்றை வேறுபடுத்தி ஆளுதல் வேண்டும். சிறப்பாக, வாழ்நாளெல்லாம் மேற்பார்க்கப்பட்டே வந்தவர்களின் முன்னிலையில்.