சத்தியசோதனையும் உட்குரலும்: காந்தியடிகளின் ஆன்மிக வாழ்வு குறித்து ஒரு நோக்கு

காந்தியடிகளின் ஆன்மிக வாழ்வைப் பற்றி எழுதியோருள் ஒரு சாரார் அவரை அவதார புருஷராக்கி, விமர்சனத்திற்கு அப்பால் நிறுத்தினர். முற்போக்கு எழுத்தாளர் பலர் அவருடைய அரசியலை வர்க்க நோக்கில் நுணுகி ஆராய்ந்தபோதும், ஆன்மிகத்தை அவ்வரசியலின் மேற்போர்வையாகவே கருதி விரைவிற் கடந்துசென்றனர். ஈ. எம். எஸ். நம்பூதிரிபாட் 1958 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓரளவு விதிவிலக்கு எனலாம். எனினும், காந்தியே தம் ஆன்மிக வாழ்வுக்கு ஒரு நூல்வடிவம் தந்திருக்கையில், அந்நூலை நூலாகவே வாசித்து மதிப்பிடும் முயற்சி நம்மிடையே போதிய அளவு நிகழவில்லை.

‘சத்தியசோதனை’ குஜராத்தி மொழியில், 1925 நவம்பர் முதல் 1929 பெப்ரவரி வரை ‘நவஜீவன்’ இதழிலே தொடராக வெளிவந்தது. (அத்தொடர் வந்துகொண்டிருந்த காலத்திலேதான், 1927 நவம்பரில், அவர் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்திலும் உரையாற்றினார்.) நூலின் பெயரே கவனிக்கத்தக்கது. ஞானியர் சரிதைகளில் நாம் எதிர்பார்க்கும் தெய்வக் காட்சியோ அருட்பேறோ இதில் இல்லை, இருப்பது சோதனை. விஞ்ஞானி தன் முடிவுகளுக்கு எவ்வளவு உரிமை கோருவானோ அதற்கு மேல் தாம் கோரவில்லை என்று முன்னுரையிலே கூறிவிடுகிறார். பேய்ப்பயம் நீங்க இராமநாமம் சொல்லுமாறு பழக்கிய செவிலி ரம்பா, மணிவணிகம் செய்த சமணச் சிந்தனையாளர் ராய்சந்த்பாய், டோல்ஸ்டோயின் நூல் ஆகியவை அவர் தரும் ஊற்றுக்கண்கள். பகவத்கீதையை அவர் அறிந்ததும் இலண்டனில், பிரமஞான சபையினர் இருவரின் தூண்டுதலால், எட்வின் ஆர்னல்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாகவே. தூய ‘பாரத ஆன்மிகம்’ பற்றிப் பெருமை பேசுவோர் இப்பகுதியைச் சற்று நிதானித்துப் படித்தல் நன்று.

நூலின் உயிர்நிலை எனத்தக்க பகுதி வேறொன்று. 1898 இல் டர்பனில், காந்தியின் இலிகிதர்கள் சிலர் அவர் வீட்டிலேயே தங்கியிருந்தனர். கழிவுநீர் வெளியேற வழியில்லாத அறைகளில் வைக்கப்பட்ட மலசலக் கலங்களைக் கணவனும் மனைவியும் அகற்றவேண்டியிருந்தது. புதிதாக வந்த இலிகிதர் பஞ்சமர் குலத்திற் பிறந்த கிறிஸ்தவர். அவருடைய கலத்தைக் கஸ்தூரிபாய் கண்ணீரோடு எடுத்துச் செல்கிறார். அதை முகமலர்ச்சியோடு செய்யவேண்டுமெனச் சினந்த காந்தி, மனைவியின் கையைப் பிடித்து வாயில்வரை இழுத்துச் சென்று வெளியே தள்ள முற்படுகிறார். வெட்கமில்லையா, பெற்றோரும் உற்றாருமற்ற இந்நாட்டில் நான் எங்கே போவேன் என்று கஸ்தூரிபாய் கேட்டபோதே அவர் நாணிக் கதவைச் சாத்துகிறார்.

தீண்டாமையை எதிர்த்த ஓர் உயர்ந்த கொள்கை இங்கே இல்லற வன்முறையாக மாறுகின்றது. அதைத் தடுத்து நிறுத்தியது காந்தியின் பிரார்த்தனை அன்று; கஸ்தூரிபாயின் மறுமொழி. எதிரிலிருப்பவர் மறுத்துப் பேச இடமிருந்தபடியாலேயே சோதனை சோதனையாயிற்று. பால் அருந்துவதில்லை என்ற விரதத்தை நோயுற்றபோது ஆட்டுப்பாலால் தளர்த்திக்கொண்டு, சொல்லைக் காத்து அதன் உயிரை இழந்தேன் என்ற கருத்துப்பட எழுதுமிடத்திலும் இதே நேர்மை தென்படுகிறது. ஆயினும் டர்பன் அத்தியாயத்தில் ஒரு மௌனமும் உண்டு. கணவன் பேசுகிறார், மனைவி பேசுகிறார். அப்பஞ்சம இலிகிதர் ஒரு சொல்லும் பேசவில்லை. அவர் மனநிலை யாது என்று நூலாசிரியர் வினவவுமில்லை.

இம்மௌனம் பின்னர் அரசியற் பரிமாணம் பெற்றது. 1932 செப்தெம்பர் 20 ஆந் திகதி, ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு வழங்கப்பட்ட தனித்தொகுதிகளை எதிர்த்து எரவாடா சிறையிற் காந்தி உண்ணாநோன்பு தொடங்கினார். இது தமக்குச் சமயப் பிரச்சினை என்றார். செப்தெம்பர் 24 இல் அம்பேத்கார் பூனா ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டார். மாகாண சபைகளில் ஒதுக்கீட்டு ஆசனங்கள் 148 ஆயின, தனித்தொகுதி கைவிடப்பட்டது. காந்தி இறந்திருப்பின் அதன் பழி கிராமந்தோறும் சிதறி வாழ்ந்த அம்மக்கள்மீதே விழுந்திருக்கும். இந்நிலையில் அம்பேத்காருக்கு மறுமொழி கூறும் சுதந்திரம் இருந்தது என்று எவ்வாறு சொல்வது? கஸ்தூரிபாய்க்கு டர்பனிற் கிட்டிய அளவு வாய்ப்புக்கூட அவருக்குக் கிட்டவில்லை.

அடுத்த ஆண்டு மே மாதத்தில் தொடங்கிய 21 நாள் நோன்புக்குக் காரணம் உட்குரல் என்றார் காந்தி. ஐயுறுவோருக்குக் காட்டத்தக்க சான்று தம்மிடம் இல்லை என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். 1934 சனவரி 15 இல் பீகாரிற் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தபோது, தென்னகச் சுற்றுப்பயணத்திலிருந்த அவர், திருநெல்வேலியில், அது தீண்டாமைப் பாவத்துக்கு இறைவன் அளித்த தண்டனை என்று பேசினார். தீண்டாமையை வெறுத்த தாகூரே இயற்கை நிகழ்ச்சியை அறநெறியோடு இவ்வாறு பிணைப்பதைக் கண்டித்து எழுதினார். அக்கண்டனத்தைத் தம் ‘ஹரிஜன்’ இதழிலேயே வெளியிட்டமை காந்தியின் பெருந்தன்மை. ஆனால் அவர் அளித்த விடை, நிறுவமுடியாத தம் நம்பிக்கையை மீண்டும் வலியுறுத்துவதாகவே அமைந்தது. சோதனையாளர் இங்கே தீர்ப்பாளராகிவிடுகிறார்.

சத்தியசோதனை 1920 ஆம் ஆண்டு நாகபுரிக் காங்கிரஸோடு நின்றுவிடுகின்றது. அதன்பின் தம் வாழ்வு முற்றிலும் பகிரங்கமானது, மக்கள் அறியாதது அதில் அரிது என்று காந்தி காரணம் கூறுகிறார். நிகழ்ச்சிகளைப் பொறுத்தவரை அது உண்மை. டர்பன் வாயிலில் நடந்ததை ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின் தம்மையே குற்றவாளியாக நிறுத்தி எழுத அவரால் இயன்றது. எரவாடாவில் நடந்ததைப் பற்றி அவ்வாறானதோர் அத்தியாயம் நமக்குக் கிடைக்கவில்லை.