வாய்விட்டுச் சொல்லும் கியர்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கியரில் உள்ள கோளாறு அங்கே ஒளிந்திருக்க முடியாது. ஏற்காட்டின் கிளியூர்ப் பக்கம் காப்பி மூட்டை சுமக்கும் பழைய மஹிந்திரா ஜீப்பை எனக்குப் பிடிப்பதே, அது தன் நோயை வாய்விட்டுச் சொல்வதால்தான். எஞ்சின் அலறியும் வண்டி ஏறவில்லையா? கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கும். கியர் மாற்றும்போது கரகரவென்றால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை, அல்லது கியர்களின் வேகத்தை ஒன்றாக்கும் சிங்க்ரோ வளையம் போயிருக்கும். இறக்கத்தில் கியர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளுவதுதான் ஆபத்து. எஞ்சினின் பிடி விட்டுப்போய், பாரமெல்லாம் பிரேக்கின் தலையில் விழும். சூடேறிய பிரேக் பிடிக்காது. ஆட்டோமேட்டிக் வண்டி இவ்வளவு பேசாது (ஸ்கேனர் வைத்துத்தான் கேட்க வேண்டும்). பட்டறைக்குப் போகுமுன் கியர் ஆயில் அளவைப் பாருங்கள். இறங்கும்போது, ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.