வைல்டரின் வலக்கை

டியோன்டே வைல்டர் பேச்சை எடுத்தாலே குத்துச்சண்டை ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சிக்கு அவர் ஹெவிவெயிட் வரலாற்றிலேயே ஆகப் பெரிய அடிக்காரர். இன்னொரு கட்சிக்கு அவர் விளம்பரம் ஊதிப் பெருக்கிய பலூன். ஆள் பார்த்து மோதி, ஒரே ஒரு வலக்கைக் குத்தின் தயவில் ஐந்து வருடம் பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தவர். இரண்டாவது கட்சியின் குற்றச்சாட்டுகளில் பாதி உண்மை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் வழக்கெல்லாம் அந்த ‘ஒரே ஒரு குத்து’ என்ற பேச்சோடுதான். ஏதோ லாட்டரிச் சீட்டு விழுந்ததுபோல அதைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்தக் குத்துக்குப் பின்னால் ஒரு தொழில் இருக்கிறது, பொறுமையாகச் செய்யப்பட்ட தொழில். அதைக் கண்டுகொள்ளாதவர்கள் அவருடைய வெற்றிகளுக்கு மார்க் போட உட்காரக் கூடாது என்பது என் கட்சி.

மிகைப்புகழ் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். அலபாமா மாநிலத்தின் டஸ்கலூசாக்காரர். முதுகுத்தண்டுக் குறைபாட்டோடு பிறந்த மகளின் சிகிச்சைச் செலவுக்காக ஏறக்குறைய 20 வயதில்தான் கையுறை மாட்டினார். பெரிய வீரர்கள் பலர் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே தொடங்கிவிடுகிற விளையாட்டு இது. மூன்றே வருடத்தில், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம். அந்த முறை அமெரிக்கக் குத்துச்சண்டை அணி கொண்டுவந்த ஒரே பதக்கம் அதுதான். அதே அலபாமாவில் பிறந்த ஜோ லூயிஸுக்கு ‘பழுப்பு நிறக் குண்டுவீச்சாளர்’ என்று பட்டப்பெயர் இருந்தது. வைல்டர் தன் பதக்கத்தை அதில் ஏற்றி ‘வெண்கலக் குண்டுவீச்சாளர்’ ஆனார். 2007இல் ஷானன் பிரிக்ஸ் பட்டத்தை இழந்த பிறகு அமெரிக்காவிடம் ஒரு ஹெவிவெயிட் சாம்பியன்கூட இல்லை. கிளிட்ஸ்கோ சகோதரர்களின் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. பட்டினி கிடந்தவனுக்குப் பழைய சோறும் விருந்துதான். இரண்டு மீட்டருக்கு மேல் உயரம், கைகளை விரித்தால் 2 மீட்டர் 11 சென்டிமீட்டர், அடித்தால் ஆள் காலி. தொலைக்காட்சிக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? முதல் 32 சண்டைகளையும் நாக் அவுட்டில் முடித்தார், ஒன்றுகூட நான்காவது சுற்றைத் தாண்டவில்லை. அந்த 32 பேரின் பெயர்ப் பட்டியலை எடுத்துப் படித்தால் பெருமைப்பட ஒன்றும் இல்லை. வைக்கோல் பொம்மையைக் குத்திப் பழகுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அந்த வெற்றிகளைத் தாராளமாகத் தள்ளுபடி செய்துவிடலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

தள்ளுபடிக்குப் பிறகு மிஞ்சுவதுதான் விஷயம். ‘கை பலம் கடவுள் கொடுத்தது, அதில் இவன் திறமை என்ன?’ என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. பலம் மட்டுமே போதுமென்றால் எர்னி ஷேவர்ஸ் உலக சாம்பியன் ஆகியிருக்க வேண்டும். எழுபதுகளில் அவரிடம் அடி வாங்கியவர்கள் அந்தக் கையைப் பற்றிச் சொல்லாத கதை இல்லை. 1977இல் முகம்மது அலியோடு 15 சுற்று நின்றார், தோற்றார். 1979இல் லாரி ஹோம்ஸை 7ஆவது சுற்றில் பலகை சாய்ந்ததுபோல் விழவைத்தார். ஹோம்ஸ் எழுந்து வந்து அவரையே முடித்துவிட்டார். இரண்டு முறை வாசல்வரை போயும் ஷேவர்ஸின் இடுப்பில் பெல்ட் ஏறவே இல்லை. வைல்டர் பத்து முறை பட்டத்தைக் காப்பாற்றினார். (அலியின் பத்துக்குச் சமம் என்று அப்போது விளம்பரம் செய்தார்கள். வைல்டருடைய பெயரை இந்த மாதிரி ஒப்பீடுகள் கெடுத்த அளவுக்கு எதிரிகள்கூடக் கெடுக்கவில்லை.) பலத்துக்கும் பட்டத்துக்கும் நடுவே இருக்கிற அந்த இடைவெளியை அவர் எதைக் கொண்டு நிரப்பினார் என்று பார்க்க வேண்டும்.

முதல் சான்று 2015 ஜனவரி 17, லாஸ் வேகாஸ். பெர்மேன் ஸ்டிவெர்னிடமிருந்து டபிள்யு.பி.சி. பட்டத்தைப் பறித்த சண்டை. நான்கு சுற்றுக்கு மேல் போனதே இல்லாதவர் அன்று 12 சுற்றும் ஆடினார். இடக்கை ஜாபை நீட்டி நீட்டி, தூரத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, மூன்று நடுவர்களின் அட்டையிலும் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். நாக் அவுட் இல்லாத காரணத்தால் இந்தச் சண்டையை யாரும் திரும்பப் போட்டுப் பார்ப்பதில்லை. இரண்டாவது, 2016 ஜூலையில் அலபாமாவின் பர்மிங்ஹாமில் கிறிஸ் அரியோலாவோடு நடந்தது. பாதியில் வலக்கை எலும்பு உடைந்துவிட்டது, அதே கையில் பைசெப்ஸ் தசையும் கிழிந்துவிட்டது. மிச்சத்தை இடக்கையால் ஆடினார், 8ஆவது சுற்றோடு அரியோலாவின் ஆட்கள் போதும் என்று சொல்லிவிட்டார்கள். வலக்கை மட்டுமே சொத்து என்று சொல்லப்படுகிறவர் வலக்கை இல்லாமல் பட்டத்தைக் காப்பாற்றியிருக்கிறார்.

அடுத்த குற்றச்சாட்டு, அவர் காற்றாடிபோலக் கையைச் சுழற்றுகிறார் என்பது. உண்மை, சுழற்றுவார். எதிராளி தடுமாறுவதைக் கண்டுவிட்டால் ஆர்வக்கோளாறு வந்துவிடும். கால் ஒன்றோடொன்று பின்னும், குத்து தவறினால் உடம்பே சுற்றிக்கொண்டு போய்விடும். பாடப்புத்தகத்துக்கு அதைவிட விரோதமான காட்சி கிடையாது. ஆனால் அவருடைய உண்மையான நாக் அவுட்டுகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் வேறொரு ஆள் தெரிவார். 2016 ஜனவரியில் புரூக்ளினில் ஆர்டுர் ஷ்பில்கா 9ஆவது சுற்றில் இடக்கையை வீசிக்கொண்டு உள்ளே பாய்ந்தபோது எதிரே வந்தது ஒரு குட்டையான வலக்கை. பாய்கிறவரின் வேகத்தையே அவருக்கு எதிராகத் திருப்பிய குத்து அது. 2022 அக்டோபரில் ராபர்ட் ஹெலேனியஸை விழவைத்தது இன்னும் குட்டை. பின்வாங்கிக்கொண்டே இருந்தார், ஹெலேனியஸ் நம்பி நெருங்கினார், முதல் சுற்றின் கடைசி மூன்று நொடியில் கதை முடிந்தது. கை பயணம் செய்த தூரத்தைப் பார்த்தால் கதவைத் தட்டுகிற அளவுதான் இருக்கும். காற்றாடிக்கு இந்த வேலை தெரியாது. எதிராளி எப்போது கிளம்புவார், எந்த இடத்தில் அவர் தலை இருக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டவருக்குத்தான் தெரியும்.

என் வாதத்தின் நடுத்தூண் 2019 நவம்பர் 23 அன்று நடந்த லூயிஸ் ஆர்டிஸ் சண்டை. ஆர்டிஸ் கியூபாக்காரர், இடக்கை வீரர், கியூபப் பள்ளியில் தேறிய எதிர்க்குத்துக்காரர். இருபது மாதத்துக்கு முன் நடந்த முதல் சண்டையில் 7ஆவது சுற்றில் வைல்டரை ஏறக்குறைய முடித்தே விட்டார். வைல்டர் கயிற்றையும் மணியையும் நம்பிப் பிழைத்து, 10ஆவது சுற்றில்தான் திருப்பிக் கொடுத்தார். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு இரண்டாவது சண்டையில் அவர் செய்ததைப் பாருங்கள். ஆறு சுற்றுகள் அவர் ஏறக்குறைய ஒன்றும் செய்யவில்லை. கூட்டம் முணுமுணுக்கிறது, ஆர்டிஸ் சுத்தமான குத்துகளை இறக்கிப் புள்ளி சேர்க்கிறார். வைல்டரின் முன்கை மட்டும் அரையும் குறையுமாக நீண்டு நீண்டு திரும்புகிறது. அடிப்பதற்காக நீள்கிற கையாக அது தெரியவில்லை. தையற்காரர் துணியை வெட்டுவதற்கு முன் நாடாவை வைத்து வைத்து எடுப்பாரே, அந்த வேலை. இடக்கை வீரருக்கு எதிரே வலக்கைக்காரர் நிற்கும்போது இருவரின் முன்கைகளும் ஒன்றையொன்று மறித்துக்கொள்ளும். அந்த இரண்டு கைகளுக்கும் நடுவே நேராக ஒரு சந்து இருக்கும். வைல்டர் அந்தச் சந்து எவ்வளவு அகலம், ஆர்டிஸின் தலை பின்வாங்கும்போது எங்கே போய் நிற்கிறது, எந்தப் பாவனைக்கு அவர் கை கீழே இறங்குகிறது என்பதைத்தான் 18 நிமிடம் அளந்துகொண்டிருந்தார். விலையாக அந்தச் சுற்றுகளில் பெரும்பாலானவற்றைக் கொடுத்தார். 7ஆவது சுற்று முடிய 9 நொடி இருக்கையில் வலக்கை நேர்கோட்டில் போய் நெற்றியில் இறங்கியது. அதற்கு முன்னால் அந்தச் சுற்றிலும் அவர் அவசரப்படவில்லை. ஆர்டிஸ் மல்லாந்தார், பத்து எண்ணுவதற்குள் எழுந்து நிலைகொள்ள முடியவில்லை. அந்த நொடியில் மூன்று நடுவர்களின் அட்டையிலும் ஆர்டிஸே முன்னணியில் இருந்தார்; இரண்டு அட்டைகளில் 59-55.

இதையே காட்டி ‘பார்த்தீர்களா, தோற்றுக்கொண்டிருந்தவர் குருட்டு அதிர்ஷ்டத்தில் பிழைத்தார்’ என்று சொல்கிறவர்கள் உண்டு. 1994 நவம்பரில் 45 வயது ஜார்ஜ் ஃபோர்மன் இதைத்தானே செய்தார்? மைக்கேல் மூரரிடம் ஒன்பது சுற்றுகள் அடி வாங்கி, எல்லா அட்டையிலும் பின்தங்கி, 10ஆவது சுற்றில் ஒரு வலக்கையால் பட்டம் வாங்கினார். அதை உலகமே முதிர்ச்சி என்றது, பொறி வைத்துக் காத்திருந்த கிழட்டுப் புலி என்றது. அதே வேலையை வைல்டர் செய்தால் அதிர்ஷ்டமாகிவிடுமா? தராசின் ஒரு தட்டில் மட்டும் கல்லை மாற்றுவது நியாயமில்லை. மேலும், அதிர்ஷ்டம் திரும்பத் திரும்ப ஒரே வீட்டுக் கதவைத் தட்டாது. டைசன் ஃபியூரியைச் சந்திக்கும்வரை 40 வெற்றி, அதில் 39 நாக் அவுட். மணி அடிக்கும்வரை நின்ற ஒரே ஆளான ஸ்டிவெர்னும் 2017இல் நடந்த மறுசண்டையில் முதல் சுற்றைத் தாண்டவில்லை. எதிராளிகள் 36 நிமிடமும் பிழையில்லாமல் ஆட வேண்டும், தனக்கு இரண்டு நொடி போதும் என்ற பொருள்பட வைல்டர் சொல்லித் திரிந்ததை வாய்ச்சவடால் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆர்டிஸ் சண்டைக்குப் பிறகு கேட்டால் அது ஒரு தொழிலாளி தன் வேலையைப் பற்றிச் சொல்கிற துல்லியமான விளக்கமாகத்தான் எனக்குப் படுகிறது.

எதிராளிகளின் தரம் என்ற ஆட்சேபம் மட்டும் லேசில் தீராது. எரிக் மொலினா, ஜெரால்டு வாஷிங்டன் போன்றவர்களை வைத்து யாரும் சாம்பியனை அளக்க மாட்டார்கள். ஆன்டனி ஜோஷுவாவோடு மோதாமலே இருவரின் நல்ல காலமும் போய்விட்டது. அதில் இரண்டு தரப்புக்கும் பங்கு உண்டு, வைல்டரை மட்டும் குறை சொல்ல முடியாது, விட்டுவிடவும் முடியாது. ஆனால் 2016 மே மாதம் மாஸ்கோவுக்கே போய் அலெக்சாண்டர் பவெட்கினோடு மோத ஒத்துக்கொண்டார் என்பதும் கணக்கில் வர வேண்டும். பவெட்கின் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியதால் அது நின்றுபோனது. ஆர்டிஸுக்கு வயது ஆகிவிட்டது என்கிறார்கள். ஆகியிருந்தது உண்மைதான், ஆனாலும் 2022 செப்டம்பரில் ஆன்டி ரூயிஸ் ஜெயிக்கும்வரை ஆர்டிஸின் தோல்விக் கணக்கில் வைல்டரைத் தவிர வேறு பெயரே கிடையாது. அவரோடு மோத மற்ற பெரிய தலைகள் வரிசையில் நிற்கவில்லை. வைல்டர் இரண்டு முறை நின்றார்.

உண்மையான வெறும் பலூன் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமென்றால் பிரிமோ கார்னேராவைப் பார்க்கலாம். இத்தாலிய ராட்சதன், அவருடைய தொடக்க காலச் சண்டைகளில் பல, ரவுடிக் கும்பல்கள் முன்கூட்டியே பேசி முடித்தவை என்று பரவலாக நம்பப்படுகிறது. 1933இல் சாம்பியன்கூட ஆனார். அடுத்த வருடம் மேக்ஸ் பேர் என்ற நிஜமான அடிக்காரர் வந்ததும் திரும்பத் திரும்பத் தரையில் உருண்டார். பாவம், அந்த மனிதரை வைத்துச் சம்பாதித்தவர்கள் வேறு ஆட்கள். இதே சோதனையை வைல்டருக்கு வைத்தவர் ஃபியூரி, இந்தத் தலைமுறையின் மிகப் பெரிய சூட்சுமக்காரர்களில் ஒருவர். 2018 டிசம்பர் 1 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் வைல்டரின் எடை 96 கிலோ, ஃபியூரியின் எடை 116 கிலோ. பெரும்பாலான சுற்றுகளில் வைல்டர் ஏமாற்றப்பட்டார், மறுக்கவில்லை. இருந்தும் 9ஆவது சுற்றிலும் 12ஆவது சுற்றிலும் ஃபியூரியைத் தரையில் உட்காரவைத்து டிரா வாங்கினார். 12ஆவது சுற்றில் வலக்கை இறங்கிய பிறகு, ஃபியூரி சரிந்துகொண்டிருக்கும்போதே இடக்கை ஹூக் ஒன்றும் போய்ச் சேர்ந்தது. ஒரே குத்துக்காரர் என்கிறவர்கள் அந்த இரண்டாவது குத்தை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

பிறகு வந்த தோல்விகள் அவருடைய எல்லையைத் தெளிவாகக் காட்டின. 2020 பிப்ரவரியில் ஃபியூரி முன்னேறி வந்து அமுக்கியதும் பின்காலில் நின்று ஆட அவருக்கு வழி தெரியவில்லை. 7ஆவது சுற்றில் அவருடைய மூலையிலிருந்தே துண்டு பறந்தது. நடந்து வந்தபோது போட்டிருந்த அலங்கார உடையின் கனம் காலைச் சோரவைத்துவிட்டது என்று அவர் பிறகு சொன்னது அவருக்கு அழகு சேர்க்கவில்லை. மூன்றாவது சண்டையில் 4ஆவது சுற்றில் ஃபியூரியை இரண்டு முறை சாய்த்தும் 11ஆவது சுற்றில் வீழ்ந்தார். ரியாத்தில் 2023இல் ஜோசப் பார்க்கரிடமும் 2024இல் ஜாங் ஜிலேயிடமும் தோற்றபோது வலக்கை தயங்கித் தயங்கியே நின்றது. அளவு எடுத்தார், வெட்டவில்லை. அந்தக் கையை விடுவதற்கு முன்னால் மனம் எவ்வளவு வேலை செய்தாக வேண்டும் என்பதற்கு, வென்ற சண்டைகளைவிட இந்த இரண்டு தோல்விகளே நல்ல சாட்சி. பலம் அப்படியே இருந்திருக்கலாம், தொழில் போய்விட்டிருந்தது.

ஆகவே என் கணக்கில் அவர் தன் காலத்தின் தலைசிறந்த ஹெவிவெயிட் இல்லை, ஃபியூரிக்குக் கீழேதான். 2024 வரை பெற்ற 43 வெற்றிகளை வைத்து எழுப்பிய கோபுரத்தில் பெரும்பகுதி அட்டை. ஸ்டிவெர்னோடு நடந்த 12 சுற்று, ஷ்பில்காவை நிறுத்திய எதிர்க்குத்து, உடைந்த கையோடு ஆடிய அரியோலா சண்டை, ஆர்டிஸோடு நடந்த இரண்டும் கருங்கல். அந்த ஐந்துக்கும் உரிய பெருமையை முழுசாகக் கொடுக்க வேண்டும், கழிவு எதுவும் பிடிக்கக் கூடாது. இணையத்தில் ஆர்டிஸ் சண்டை என்று தேடினால் முதலில் வருவது அந்தக் கடைசி அடி மட்டும் இருக்கிற துண்டுக் காட்சி. அதை விட்டுவிட்டு, 2019 சண்டையை முதல் மணியிலிருந்து போட்டு, வைல்டரின் இடக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள்.