பாடும் மாணவரை மதிப்பிடல்: ஒலிப்பும் பாவமும்

முன்னுரை

கருநாடக இசைத் தேர்வுகளில் மாணவரின் பாட்டு பெரும்பாலும் சுருதி, தாளம், இராகம், சாகித்தியம், பாவம் என்னும் கூறுகளைக் கொண்டு மதிப்பிடப்படுகிறது. முதல் நான்கிலும் பிழை இன்னதென்று சுட்ட இயலும். ஐந்தாவதில் 'பாவம் போதாது' என்பதற்குமேல் தேர்வாளர் கூறுவது அரிது. மதிப்பெண் இழந்த மாணவர் எதனைத் திருத்திக்கொள்வது என அறியார். பாவக்குறை எனப்படுவதில் ஒரு பகுதி ஒலியியலாலும் இலக்கணத்தாலும் விளக்கத்தக்கதே என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

மரபு

13ஆம் நூற்றாண்டில் தேவகிரி யாதவர் அவையில் விளங்கிய சார்ங்கதேவர், சங்கீத ரத்னாகரத்தில் பாடுவோர்க்குரிய 25 குற்றங்களைத் தொகுத்துள்ளார். பல்லைக் கடித்துப் பாடுதல், எழுத்துத் தெளிவின்றிப் பாடுதல், மூக்கொலியுடன் பாடுதல் ஆகியன அவற்றுட் சில. இவை கேட்டுணரத்தக்கவை, ஆதலின் திருத்தத்தக்கவை. இத்தெளிவு தேர்வுத்தாளின் 'பாவம்' என்னும் ஒற்றைச் சொல்லில் இல்லை.

மொழிசார் கூறுகள்

1. அளபு: தமிழில் 'விடு', 'வீடு' என்பன அளபால் பொருள் வேறுபடுவன. பாட்டிலோ குற்றுயிரும் பல அட்சரம் நீளும். அளபு வேறுபாடு மறையும் அந்நிலையில் பொருளைக் காப்பது உயிரின் ஒலித்தன்மையே. குற்றிகரம் நெட்டுயிரினும் சற்றுத் தளர்ந்து ஒலிப்பது. அத்தன்மை கெடாமல் கார்வை கொடுப்பவர் குரற்பயிற்சி நிரம்பியவர். கார்வை நீண்டதொன்றே குற்றமாகாது.

2. மூச்சு: 'தாமரை' என்பதைத் தனிமொழியாகவும் 'தா மரை' (தாவும் மான்) எனப் பிரித்தும் கொள்ளலாம் என்பதால் இலக்கணிகள் அதனைப் பொதுமொழி என்றனர். தாளத்தின் பொருட்டு ஒரு சொல்லின் இடையே மூச்சு வாங்கினால் பாட்டிலும் இத்தகைய மயக்கம் நேரும். கேட்போர் அதனைப் 'பொருளுணராப் பாட்டு' என்பர். பிழை மூச்சு வாங்கிய இடத்தில் உள்ளது.

3. வரிவடிவம்: தியாகராசரின் (1767–1847) தெலுங்குக் கீர்த்தனைகளைத் தமிழ் எழுத்தில் பயில்வோர்க்கு வல்லெழுத்து ஒன்றே நான்கு ஒலிகட்கு நிற்கிறது. கனியைக் குறிக்கும் வடசொல்லும் வலிமையைக் குறிக்கும் வடசொல்லும் 'பலம்' என்றே எழுதப்படும். எழுத்தின்மேல் எண்ணிட்டு அச்சிடும் நூல்கள் இக்குறையை நீக்க முயன்றவை. எண்ணில்லாத ஏட்டில் பயின்றவரின் ஒலிப்புப் பிழையை உணர்ச்சிக் குறையாகக் கணக்கிடுதல் முறையன்று.

வரையறை

இவ்விளக்கம் முழுமைக்கும் பொருந்தாது. ஆலாபனையில் சொற்கள் இல்லை. தோடியின் காந்தாரத்தை அசைவின்றி நிறுத்தினால் இராகத்தின் உருவமே தோன்றாது. அங்கே பாவம் கமகத்தின்பாற்பட்டது. எழுத்தும் மூச்சும் கமகமும் பிழையற அமைந்தும் பாட்டு உள்ளத்தைத் தொடாதிருத்தல் உண்டு. அவ்வெஞ்சிய பகுதிக்கே 'பாவம்' என்னும் பெயர் தகும்.

கலைச்சொல்

தமிழ் வரிவடிவில் 'பாவம்' தீவினையையும் குறிக்கும். இம்மயக்கம் கருதி 'மெய்ப்பாடு' என மொழிபெயர்த்தலும் ஏற்புடைத்தன்று. தொல்காப்பியம் கூறும் எட்டு மெய்ப்பாடுகள் உள்ளத்துணர்வு உடம்பின்வழிப் புலனாதலைச் சுட்டுவன. அச்சொல்லைக் கொண்டால் தேர்வாளர் குரலை விடுத்து முகத்தையும் கையசைவையும் மதிப்பிட நேரும். 'குரலுணர்வு' என்பது பொருந்தலாம்.

முடிவுரை

சொற்பிரிப்பு, மூச்சிடம், உயிரொலித்தன்மை, வல்லொலி, கமகம் ஆகியவற்றைத் தனித்தனியே குறித்த பின்னரே தேர்வாளர் பாவத்திற்கு மதிப்பெண் இடுதல் வேண்டும். அவ்வாறு செய்யின் மதிப்பெண் தீர்ப்பாக மட்டும் நில்லாது, மாணவர்க்குப் பாடமாகவும் அமையும்.